இலை போட்டா போதுமா? ஒரு யூஎஸ்பி ஹப்பின் 500 மில்லி ஆம்பியர் வரலாறு

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோடு ஒரு சின்னக் கேள்வியிலிருந்து தொடங்குது. ராஸ்பெரி பை மாதிரி உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் வாங்கினவங்க எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். யூஎஸ்பி போர்ட் பத்தலை, ஹப் வாங்கணும். சுவர்ல தனியா அடாப்டர் செருகுற ஹப் வாங்கணுமா, அடாப்டர் இல்லாத ஹப்பே போதுமா? ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு, விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்தப் பதில் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை கடையில நிற்கும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது. காரணம், இது 1996-ல சில பொறியாளர்கள் போட்ட ஒரு பட்ஜெட். அந்த பட்ஜெட்டுக்குள்ளதான் இன்னைக்கும் உங்க மேசை மேல இருக்கிற ஹப் ஓடிக்கிட்டிருக்கு.

பந்தியை நினைச்சுக்கோங்க. நாற்பது பேருக்குச் சோறு வடிச்சிருக்கு. அறுபது இலை போட்டுட்டா அறுபது பேர் சாப்பிட்டுட முடியுமா? இலை கூடும், சோறு கூடாது. அடாப்டர் இல்லாத ஹப் செய்றதும் அதைத்தான். அது இலையை மட்டும் கூட்டுது. அடாப்டர் வச்ச ஹப் தன் வீட்டுச் சோத்தையும் கொண்டு வருது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனா இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால எத்தனையோ பேரோட ஃபைல்கள் அழிஞ்சிருக்கு. நல்லா இருந்த போர்டையே "இது ரிப்பேர்"னு நினைச்சு ஒதுக்கி வச்சவங்களும் உண்டு. அதனால கதையை முதல்ல இருந்தே பார்ப்போம்.

கம்ப்யூட்டரின் முதுகுப்புறம்

1990-களின் தொடக்கத்துல ஒரு பர்சனல் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தா, ஆளுக்கொரு வடிவத்துல ஓட்டைகள் இருக்கும். கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு சீரியல் போர்ட், பிரிண்டருக்கு அகலமான பேரலல் போர்ட், ஜாய்ஸ்டிக்குக்கு இன்னொன்று. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் செருக முடியாது. பல கருவிகளைச் செருகிய பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். சில சமயம் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு கார்டையே பொருத்த வேண்டும்.

இதுல இன்னொரு தொல்லையும் இருந்தது. கீபோர்டு, மவுஸுக்குக் கம்ப்யூட்டரிலிருந்தே கரண்ட் போயிடும். ஆனா சீரியல் போர்ட்டும் பேரலல் போர்ட்டும் தகவலைக் கடத்தத்தான் உருவானவை. ஒரு கருவியை ஓட்டுற அளவுக்குக் கரண்ட் தருவது அவற்றோட வேலையே இல்லை. அதனால மோடத்துக்கு ஒரு அடாப்டர், ஸ்கேனருக்கு ஒரு அடாப்டர்னு சுவர்ல இருக்கிற பிளக் பாயிண்ட் எல்லாம் நிறைஞ்சிடும்.

1994-ல் ஏழு நிறுவனங்கள் இதற்கு ஒரு பொது வழி காணச் சேர்ந்து உட்கார்ந்தன. காம்பாக், டிஇசி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் ஆகியவை அவை. இன்டெல்லில் இந்த முயற்சியை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட். குஜராத்தின் வதோதராக்காரர், அங்குள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் ஒரு பிரிண்டரை இணைக்கப் பட்ட பாடும் இந்த யோசனைக்கு ஒரு தூண்டுதல் என்று அவர் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 வெளிவந்தது.

நாலு கம்பி, ஐந்து பங்கு

அந்த முதல் யூஎஸ்பி கேபிளை வெட்டிப் பார்த்தா உள்ளே நாலு கம்பி இருக்கும். ரெண்டு கம்பி தகவலுக்கு, மத்த ரெண்டும் மின்சாரத்துக்கு. அதாவது, தகவல் போற கேபிள்லயே கரண்டும் போகணும்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டாங்க. மவுஸுக்குன்னு இனிமே யாரும் தனி அடாப்டர் தேட வேண்டாம்.

ஆனா எவ்வளவு கரண்ட்? இங்கதான் அந்த பட்ஜெட் வருது.

மின்னழுத்தம் 5 வோல்ட். அன்றைய கம்ப்யூட்டர் சிப்கள் பலவும் 5 வோல்ட்டில் ஓடியவை என்பதால் அது பெட்டிக்குள் தயாராகவே இருந்தது. கரண்டைப் பங்கு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு என்பது 100 மில்லி ஆம்பியர். ஒரு போர்ட்டுக்கு அதிகபட்சம் ஐந்து பங்கு, அதாவது 500 மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டோடு பெருக்கினால் இரண்டரை வாட். வீட்டில் எரிகிற சின்ன எல்இடி பல்பை விடக் குறைவு.

இதை வாங்குறதுக்கும் ஒரு முறை இருந்தது. புதுசா செருகின கருவி எடுத்த உடனே 500-ஐ இழுத்துவிடக் கூடாது. முதலில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, "நான் இன்ன கருவி, எனக்கு அதிகபட்சம் இவ்வளவு வேணும்" என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சரின்னு சொன்ன பிறகுதான் மிச்சப் பங்குகளை எடுக்கலாம். கொடுக்க முடியாதுன்னா கம்ப்யூட்டர் அந்தக் கருவியை இயக்காமலே விட்டுவிடும். விருந்துக்குப் போன இடத்தில் கேட்டுச் சாப்பிடுற மரியாதை மாதிரி ஒரு ஏற்பாடு.

இப்போ ஹப்புக்கு வருவோம். யூஎஸ்பி விதிப்படி ஒரே கம்ப்யூட்டரில் 127 கருவிகள் வரை இணைக்கலாம். கம்ப்யூட்டரில் அத்தனை போர்ட் வைக்க முடியாது என்பதால், ஹப் என்பது தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் பகுதி. அந்த ஹப்பையும் அவர்கள் இரண்டு வகையாகப் பிரித்தார்கள்.

முதல் வகை, கேபிள் வழியே வரும் கரண்டில் மட்டுமே வாழும் ஹப். மேலிருந்து அதற்குக் கிடைப்பது ஐந்து பங்கு. ஹப்பின் சொந்தச் சிப்புக்கு ஒரு பங்கு போய்விடும். மிச்சம் நாலு பங்கு. ஒரு போர்ட்டுக்கு ஒரு பங்கு என்றால் நாலு போர்ட். அடாப்டர் இல்லாத ஹப்கள் பெரும்பாலும் நாலு போர்ட்டோட வர்றதைக் கவனிச்சிருப்பீங்க. அந்த நாலுக்குப் பின்னால இந்தக் கணக்கு இருக்கு.

இரண்டாவது வகை, சொந்த அடாப்டர் உள்ள ஹப். அது ஒவ்வொரு போர்ட்டுக்கும் முழு 500 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு அதற்குப் பேச்சு மட்டும்தான். சாப்பாடு சுவரிலிருந்து வரும்.

அடாப்டர் இல்லாத ஹப்பில் இன்னொரு அடாப்டர் இல்லாத ஹப்பைத் தொடர்ந்து மாட்டக் கூடாது என்பதும் அதே கணக்கில் வருவதுதான். மேல் ஹப் கொடுக்கிற ஒரு பங்கு கீழ் ஹப்பின் சொந்த வயிற்றுக்கே போய்விடும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மின்னழுத்தத்துக்கும் விதி உண்டு. கம்ப்யூட்டரின் போர்ட்டிலோ அடாப்டர் உள்ள ஹப்பின் போர்ட்டிலோ 4.75 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. அடாப்டர் இல்லாத ஹப்பின் போர்ட்டில் 4.40 வரை இறங்கலாம் என்று விட்டுக்கொடுத்திருந்தார்கள். இந்த எண்களை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வேலை இருக்கு.

எல்லாரும் மறந்துபோன கணக்கு

1998 ஆகஸ்டில் ஆப்பிளின் ஐமேக் விற்பனைக்கு வந்தது. பழைய போர்ட்களையும் ஃபிளாப்பி டிரைவையும் தூக்கி எறிந்துவிட்டு, கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் யூஎஸ்பிதான் என்று வந்த கம்ப்யூட்டர் அது. யூஎஸ்பி கருவிகளுக்கும் ஹப்களுக்கும் பெரிய சந்தை பிறந்ததில் ஐமேக்குக்குக் கணிசமான பங்கு உண்டு.

அந்த ஐமேக்கின் கீபோர்டே ஒரு ஹப்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு போர்ட், ஒன்றில் அந்த வட்டமான மவுஸைச் செருகலாம். மவுஸுக்கு ஒரு பங்கு கரண்ட் தாராளம். அதே போர்ட்டில் கொஞ்சம் பசி கூடின கருவியைச் செருகினால், போதிய கரண்ட் இல்லை என்று திரையில் செய்தி வரும். பலருக்கு இந்தக் கணக்கு முதன்முதலா அறிமுகமானது அந்தச் செய்தி வழியாத்தான்.

2000-ல் யூஎஸ்பி 2.0 வந்தது. வேகம் விநாடிக்கு 480 மெகாபிட்டாக உயர்ந்தது. கரண்ட் பட்ஜெட் மட்டும் அதே 500-ல் நின்றது. ஆனா செருகுற கருவிகள் மாறிட்டே போச்சு. பாக்கெட்டில் வைக்கிற ஹார்டு டிஸ்க் வந்தது. அதன் மோட்டார் சுழலத் தொடங்குற அந்த ஒரு கணத்தில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் வரை இழுக்கக்கூடியவை உண்டு. யானைப் பசிக்கு சோளப்பொரி கதைதான். அதற்காகவே ஒரு முனையில் இரண்டு பிளக் உள்ள கேபிள்களைக் கொடுத்தார்கள். ஒன்று தகவலும் கரண்டும் கொண்டுவரும், இன்னொன்று பக்கத்துப் போர்ட்டிலிருந்து கரண்டை மட்டும் கடன் வாங்கும்.

சந்தையும் விதியை வளைத்தது. ஏழு போர்ட் வைத்து, அடாப்டர் இல்லாமலே ஹப்கள் விற்பனைக்கு வந்தன. நாலுக்குத்தானே கணக்கு போட்டார்கள்? மிச்சம் மூன்றுக்கு எங்கிருந்து வரும்? அதைவிட ஒரு படி மேலே போய், "எனக்குச் சொந்த அடாப்டர் இருக்கு" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் மலிவு ஹப்களும் ஏராளம். அந்தப் பொய்யை நம்பி, கேட்கிற கருவிக்கெல்லாம் கம்ப்யூட்டர் அனுமதி கொடுத்துவிடும். கேட்டுச் சாப்பிடுற மரியாதை அங்கேயே முடிந்தது.

இவ்வளவு நடந்தும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்? மேசைக் கம்ப்யூட்டருக்குள் சில நூறு வாட் திறனுள்ள பவர் சப்ளை இருந்தது. யூஎஸ்பி கேட்பது அதில் ஒரு துளி. ஒரு போர்ட்டில் 500-க்குப் பதில் 700 இழுத்தாலும் பல போர்டுகள் பேசாமல் கொடுத்துவிடும். பெரிய வீட்டில் பந்திக்கு நாலு பேர் கூட வந்தால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டாங்க இல்லையா, அது மாதிரி. அதனால பதினைந்து வருஷத்தில் ஒரு தலைமுறையே இந்த பட்ஜெட்டை மறந்துவிட்டது. ஹப் என்றால் ஹப், அவ்வளவுதான்.

சின்ன வீடு வந்தது

2012 பிப்ரவரி 29. ராஸ்பெரி பை மாடல் பி விற்பனைக்கு வந்த நாள். கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையும் அனுபவமும் குறைந்துகொண்டே போவதைப் பார்த்து, எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய முயற்சி அது. பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க ஒரு மலிவான கம்ப்யூட்டர் வேணும். விலை 35 டாலர். விற்பனை தொடங்கிய காலையிலேயே விற்பனையாளர்களின் இணையதளங்கள் முடங்கின.

அந்த 35 டாலருக்குக் கிடைத்தது வெறும் போர்டு. பெட்டி இல்லை, கீபோர்டு இல்லை, பவர் சப்ளையும் இல்லை. கரண்ட் வாங்க ஒரு மைக்ரோ யூஎஸ்பி போர்ட். 2009-ல் ஐரோப்பாவில் பெரிய போன் நிறுவனங்கள் மைக்ரோ யூஎஸ்பியைப் பொது சார்ஜராக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்ததால், வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரே போதும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனா இதன் பொருளைக் கவனியுங்க. அதுவரை கம்ப்யூட்டர் என்பது யூஎஸ்பி வழியாகச் சோறு போடுற இடம். இப்போ வந்திருக்கிற கம்ப்யூட்டரே 5 வோல்ட் போன் சார்ஜரில் வாழுது. சோறு போட வேண்டியவரே அளவுச் சாப்பாட்டுல இருக்கார்!

மாடல் பி-க்குப் பரிந்துரைத்த சப்ளை 700 மில்லி ஆம்பியர். அதில் பெரும்பகுதியைப் போர்டே தின்றுவிடும். இரண்டு யூஎஸ்பி போர்ட் இருந்தன. ஒவ்வொன்றின் வழியிலும் 140 மில்லி ஆம்பியருக்கான ஒரு பாலிஃபியூஸ் வைத்திருந்தார்கள். பாலிஃபியூஸ் என்பது அளவு மீறிக் கரண்ட் போனால் சூடாகி, தன் தடையைக் கூட்டிக்கொண்டு கரண்டைக் குறைத்துவிடும் ஒரு பாகம். ஆறினதும் பழையபடி விட்டுவிடும். விதி சொன்ன 500 எங்கே, இந்த 140 எங்கே? அதோட, ஃபியூஸ் முழுசா மூடுவதற்கு முன்பே அதன் தடையால் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கிவிடும்.

இப்போ ஒரு மாணவர் இதை வாங்கி வந்திருக்கார்னு வச்சுக்குவோம். கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று, ரெண்டு போர்ட்டும் முடிஞ்சது. போர்டில் வைஃபை கிடையாது, அதற்கு ஒரு டாங்கிள் வேணும். பென் டிரைவ் வேணும். சரி, ஒரு ஹப் வாங்கலாம். அடாப்டர் இல்லாத ஹப்பை அந்த 140 போர்ட்டில் மாட்டினா? ஹப்பின் சிப்புக்குப் போக மிஞ்சும் துளியில் வைஃபை டாங்கிள் ஓடாது. ஆக, அடாப்டர் வச்ச ஹப் என்பது இங்கே கிட்டத்தட்ட கட்டாயம். 35 டாலர் கம்ப்யூட்டருக்குச் சார்ஜர், எஸ்டி கார்டு, அதுக்கு மேல அடாப்டரோட ஒரு ஹப். மலிவு என்பதன் உண்மையான விலை இங்கேதான் தெரிய ஆரம்பிக்குது. கையில காசு குறைவா இருக்கிற பிள்ளைக்காக வந்த பொருள் அது. அந்தப் பிள்ளைக்குத்தான் இந்த ஹப் செலவு அதிகமா வலிக்கும்.

இணையத்தில் பயனாளர்கள் பெரிய பட்டியல்களே தயாரித்தார்கள். எந்த ஹப் வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எதில் என்ன கோளாறு என்று. அதில் விசித்திரமான ஒரு கோளாறு உண்டு. சில பவர்டு ஹப்கள் கீழே இருக்கிற கருவிகளுக்கு மட்டுமில்லாமல், கம்ப்யூட்டருக்குப் போற கேபிளிலும் கரண்டைத் திருப்பி அனுப்பின. யூஎஸ்பி விதிப்படி இது கூடாது. கேபிளில் கரண்ட் ஒரே திசையில், மேலிருந்து கீழாகத்தான் போக வேண்டும். ஆனா செலவை மிச்சம் பிடிக்கத் தடுப்பு எதுவும் வைக்காமல் சிலர் ஹப் செய்தார்கள். சுவரில் பையின் சொந்த சார்ஜரைப் பிடுங்கின பிறகும் போர்டின் சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்!

2012-க்குள்ளேயே அந்த 140 ஃபியூஸ்களை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு கொடுத்தார்கள். ஒரு தலைவலி போய் இன்னொன்று வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் பசியுள்ள கருவியைச் செருகினால், அது முதல் கணத்தில் இழுக்கும் இழுப்பில் மின்னழுத்தம் சரிந்து கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

2014 ஜூலையில் வந்த மாடல் பி பிளஸ்தான் இதைச் சீராக்கியது. நாலு போர்ட், கருவியைச் செருகும்போது சரியாதபடி மேம்பட்ட மின்சுற்று. நாலு போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர், அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் 1.2 ஆம்பியர். இன்னொரு முக்கியமான விஷயம், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டே சொல்லிவிடும். சிவப்பு விளக்கு அணையும். பிறகு வந்த மென்பொருளில் திரையில் ஒரு மின்னல் குறி தெரியும்.

கேபிள் செய்யும் களவு

அந்த 4.63 எண்ணை வச்சு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், பயப்படாதீங்க. மலிவான மெல்லிய சார்ஜர் கேபிள் ஒன்றில், போகிற கம்பியும் திரும்புற கம்பியும் சேர்த்து கால் ஓம் தடை இருக்குன்னு வச்சுக்குவோம். பையும் அதில் மாட்டின கருவிகளும் சேர்ந்து ஒன்றரை ஆம்பியர் இழுக்கின்றன. 1.5-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 0.375 வோல்ட். சார்ஜரிலிருந்து சரியாக 5 வோல்ட் கிளம்பினாலும் போர்டுக்கு வந்து சேர்வது 4.625 வோல்ட்தான். மின்னல் குறி வந்தாச்சு. சார்ஜர்ல தப்பில்லை, பையிலும் தப்பில்லை. வழியிலேயே கேபிள் தின்னுடுச்சு. ராஸ்பெரி பையின் அதிகாரபூர்வ அடாப்டர்களில் 5 வோல்ட்டுக்குப் பதிலா 5.1 என்று போட்டிருப்பது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

அடாப்டர் இல்லாத ஹப்பைப் பையில் மாட்டும்போது நடப்பதும் இதுதான். ஹப்பில் இருக்கிற ஒவ்வொரு கருவியின் பசியும் பை வழியாக, பையின் அந்த ஒற்றை சார்ஜர் கேபிள் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இதில் மோசமான விஷயம் என்னன்னா, கரண்ட் பத்தலைன்னா எல்லாம் ஒரேயடியா நின்னுபோகாது. அப்படி நின்னா உடனே கண்டுபிடிச்சிடலாம். கீபோர்டில் ஒரு எழுத்தை அடித்தால் அது திரும்பத் திரும்ப விழும். வைஃபை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறுபடும். வெப்கேம் திடீரென்று காணாமல் போகும். நாம மென்பொருளைச் சந்தேகப்படுவோம், எஸ்டி கார்டை அழித்து மறுபடி எழுதுவோம், போர்டையே குறை சொல்லுவோம். ஹார்டு டிஸ்க் இன்னும் ஆபத்து. ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் சரிந்து டிஸ்க் ஒரு கணம் விலகி மீண்டும் வந்தால், பாதி எழுதின ஃபைல் பாதியிலேயே நிற்கும். சில சமயம் ஃபைல் எங்கெங்கே இருக்கிறது என்ற அட்டவணையே கெட்டுப்போகும். வீட்டு போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் மாட்டின டிஸ்க்கில் சேர்த்து வைக்கிறவர்கள் இன்று நிறையப் பேர். அவங்களுக்கு இது ஹப் விலையோட நிற்கிற விஷயம் இல்லை. அந்த போட்டோக்களைத் திரும்ப எடுக்க முடியாது.

பழைய மரியாதை திரும்பி வந்தது

அதன் பிறகான வரலாறு வேகமாக ஓடுது. 2015 நவம்பரில் 5 டாலருக்கு பை ஜீரோ. கருவிகள் மாட்ட அதில் ஒரே ஒரு சின்ன யூஎஸ்பி போர்ட்தான், அதாவது ஹப் இல்லாமல் வாழ்வது சிரமம். 2016-ல் வந்த பை 3-ல் வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே வந்துவிட்டன. ஹப் தேவைப்பட்டவர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு அத்துடன் தேவையே போய்விட்டது.

2019 ஜூனில் பை 4. அதில் இரண்டு யூஎஸ்பி 3.0 போர்ட், இரண்டு யூஎஸ்பி 2.0 போர்ட். 2008-ல் வந்த யூஎஸ்பி 3.0 விதி ஒரு போர்ட்டின் பட்ஜெட்டை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியிருந்தது. ஆக, விதிப்படி நாலு போர்ட்டும் முழுசாக் கேட்டால் 900, 900, 500, 500, மொத்தம் 2.8 ஆம்பியர். பை 4 நாலுக்கும் சேர்த்துக் கொடுப்பது 1.2 ஆம்பியர்தான். போர்ட் நீல நிறத்தில் இருக்கிறது என்பதற்காக முழுச் சாப்பாடு கிடைக்கும்னு அர்த்தமில்லை.

2023-ல் வந்த பை 5-ல் ஒரு அழகான திருப்பம். அது விழித்ததும் தன் அடாப்டரிடமே கேட்கிறது, "உன்னால எவ்வளவு தர முடியும்?" 5 ஆம்பியர் தருகிற அடாப்டர் என்றால் யூஎஸ்பி போர்ட்களுக்கு மொத்தம் 1.6 ஆம்பியர் வரை திறந்துவிடும். இல்லையென்றால் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 1996-ல் கருவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தக் கேட்டுச் சாப்பிடுற மரியாதையை, இப்போ கம்ப்யூட்டரே கடைப்பிடிக்குது.

அப்போ எதை வாங்குறது?

இனி கடைக்குப் போவோம். கையில இருக்க வேண்டியது ஒரு கூட்டல் கணக்கு மட்டும்தான்.

கம்பி வச்ச கீபோர்டு, மவுஸ், வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர், எப்போதாவது ஒரு பென் டிரைவ். இவ்வளவுதான் என்றால் அடாப்டர் இல்லாத ஹப் தாராளமாகப் போதும். அதிகமாக் காசு போட வேண்டாம். அது மட்டமான பொருள் இல்லை, இந்த வேலைக்காகவே உருவான பொருள்.

சுழலும் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, டிவிடி ரைட்டர், சிம் போடுற இன்டர்நெட் டாங்கிள், ஒன்றுக்கு மேற்பட்ட வெப்கேம். இதில் ஏதாவது வந்தால் அடாப்டர் வச்ச ஹப் வாங்குங்க. கருவியின் லேபிளில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும், எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. உங்க போர்டு கொடுக்கிற அளவைத் தொட்டாலே வேண்டாம், கொஞ்சம் மிச்சம் இருக்கணும்.

அடாப்டர் இருக்கு என்பதோடு திருப்தி அடைஞ்சிடாதீங்க, அடாப்டரில் என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ஏழு போர்ட் ஹப், ஒவ்வொன்றுக்கும் 500 என்றால் 3.5 ஆம்பியர் வேண்டும். கூட வந்த அடாப்டர் 2 ஆம்பியர் என்றால் அதுவும் இலையைக் கூட்டிப்போட்ட பந்திதான், கொஞ்சம் பெரிய பந்தி.

திருப்பி அனுப்புற கோளாறையும் சோதிச்சுப் பாருங்க. ஹப்பின் அடாப்டரைச் சுவரில் செருகி, கம்ப்யூட்டருக்குப் போக வேண்டிய கேபிளை எதிலும் செருகாமல் வைத்து, அதன் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. 5 வோல்ட் காட்டினால் அந்த ஹப் பின்வழியாகக் கரண்ட் அனுப்புகிறது. மாற்றி வாங்கிடுங்க.

கடைசியா ஒரு தவறான நம்பிக்கை. அடாப்டர் வச்ச ஹப் வாங்கினா வேகம் கூடும்னு சிலர் நினைக்கிறாங்க. கூடாது. தகவல் போகிற வழி ஒன்றுதான், நாலு கருவியும் அதைப் பங்கு போட்டுத்தான் ஆகணும். அடாப்டர் கொடுப்பது கரண்ட் மட்டுமே.

ஹப் வாங்கப் போறவங்க இதை ஒரு துண்டுத்தாள்ல கணக்கா எழுதிட்டுப் போங்க. உங்க பை என்ன மாடல், அது எத்தனை ஆம்பியர் கொடுக்கும், நீங்க மாட்டப்போற கருவிகள் எத்தனை கேட்கும். மூணு வரி போதும். எந்த ஹப் வேணும்னு அந்தத் தாளே சொல்லிடும். உங்க மேசையில ஏற்கெனவே மின்னல் குறி வர்ற பை இருந்தா, முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க, அப்புறம் ஹப்பைப் பாருங்க, அதுக்கப்புறம்தான் போர்டைச் சந்தேகப்படணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.